வாய்ப் புற்றுக்கான ஒளி சிகிச்சையைக் கேமராவில் கண்காணிப்பது: முழுமையான வழிகாட்டி

போட்டோடைனமிக் தெரபி என்னும் இந்த ஒளி சிகிச்சை நடக்க மூன்று பொருள் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் சேர வேண்டும்: ஒளியுணர் மருந்து, அந்த மருந்து உறிஞ்சும் நிற ஒளி, திசுவில் ஆக்சிஜன். மூன்றும் சேர்ந்தால் சிங்லெட் ஆக்சிஜன் என்ற வீரியமான ஆக்சிஜன் பிறக்கும். அது பிறந்த இடத்தை விட்டு அதிக தூரம் போகாமல் பக்கத்தில் இருப்பதைத் தாக்கிச் செல்லைக் கொல்லும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் விளக்கு எரியும், கடிகாரம் ஓடும், ஆனால் சிகிச்சை நடந்திருக்காது.

விளக்கிலிருந்து எத்தனை ஜூல் போனது என்று பவர் மீட்டர் சொல்லும். புண்ணுக்குள் மருந்து எவ்வளவு சேர்ந்தது, அதில் எவ்வளவு செலவானது என்று அதற்குத் தெரியாது. அதற்குத்தான் படம் எடுக்கிறோம்.

இங்கே ஒரே ஒரு சூழலை எடுத்துக்கொண்டு முழுவதும் சொல்கிறேன்: உள்கன்னத்தில் ஆரம்பநிலைப் புண், ஏஎல்ஏ (அமினோலெவுலினிக் அமிலம்) மருந்து, 635 நானோமீட்டர் சிவப்பு ஒளி, மருந்தின் ஒளிர்வைப் படமெடுக்கும் ஃப்ளோரசன்ஸ் கேமரா. மதுரை, மேலூர், உசிலம்பட்டிப் பக்கம் வாய்ப் புண்ணோடு வருபவர்களில் வெற்றிலை, பாக்கு, புகையிலைப் பழக்கம் உள்ளவர்கள் நிறைய. அந்தப் பழக்கம் படத்திலும் தலையிடும் என்பதால் அதற்குத் தனிப் பகுதியே வைத்திருக்கிறேன்.

இயற்பியல், பயோமெடிக்கல், பல் மருத்துவ மேற்படிப்பு முடித்து இந்த வேலைக்கு வருபவர்களுக்காக எழுதுகிறேன். சிகிச்சை கொடுப்பதும் நிறுத்துவதும் மருத்துவரின் முடிவு. அந்த முடிவுக்கு நம்பகமான எண்ணைத் தருவது நம் வேலை.

1. எந்தக் கேள்விக்குப் படம் என்று முடிவு செய்யுங்கள்

கருவி வாங்குவதில் ஆரம்பிப்பவர்கள்தான் அதிகம். அப்படி ஆரம்பித்தால் கையில் இருக்கும் கருவிக்கு ஏற்ற கேள்வியைத் தேட வேண்டியதாகிவிடும்.

மருந்து வந்ததா, செலவானதா என்பது கேள்வியானால் ஃப்ளோரசன்ஸ் படம் வேண்டும். ரத்த ஓட்டம் நின்றதா என்றால் லேசர் புள்ளிகளின் அசைவைப் பார்க்கும் லேசர் ஸ்பெக்கிள். திசுவில் ஆக்சிஜன் எவ்வளவு என்றால் ஹீமோகுளோபினின் நிற மாற்றத்தை அளக்கும் பிரதிபலிப்பு நிறமாலை. புண் எவ்வளவு ஆழம் என்றால் ஓசிடி (ஒளியால் திசுவின் குறுக்குவெட்டைக் காட்டும் படம்) அல்லது அல்ட்ராசவுண்ட். சிங்லெட் ஆக்சிஜனையே நேரடியாகப் பார்க்கவும் வழி உண்டு. 1270 நானோமீட்டரில் அது மிக மங்கலாக ஒளிரும். ஆனால் அதற்கான டிடெக்டரும் ஏற்பாடும் புதிதாக வருபவர்கள் தொடும் விஷயமில்லை.

ஏஎல்ஏ சிகிச்சைக்கு முதலில் ஃப்ளோரசன்ஸையே எடுத்துக்கொள்ளுங்கள். ஏஎல்ஏ தானாக ஒளிராது. செல் அதை வாங்கி, ஹீம் (ஹீமோகுளோபினில் உள்ள இரும்புப் பகுதி) தயாரிக்கும் வழியில் புரோட்டோபார்ஃபிரினாக மாற்றுகிறது. புற்றுச் செல்களில் அடுத்த படிக்கான ஃபெரோகெலட்டேஸ் என்சைம் பெரும்பாலும் மந்தமாக இருப்பதால் புரோட்டோபார்ஃபிரின் அங்கேயே தேங்குகிறது. தேங்கியதன் மேல் 405 நானோமீட்டர் ஊதா ஒளி பட்டால் 635 பக்கம் சிவப்பாக ஒளிரும். சிகிச்சை ஒளி பட்டு வேதிவினை நடக்க நடக்க அந்தச் சிவப்பு மங்கும். இந்த மங்கலுக்குத்தான் போட்டோப்ளீச்சிங் என்று பெயர். நாம் அளக்கப் போவது அதை.

2. முன்கூட்டியே கையில் இருக்க வேண்டியவை

தூண்டுவதற்கு 405 நானோமீட்டர் எல்இடி. அதன் முன்னால் ஊதாவை விட்டுச் சிவப்பைத் தடுக்கும் ஒரு ஷார்ட்பாஸ் ஃபில்டர் கட்டாயம். ஊதா எல்இடி கொஞ்சம் சிவப்பையும் கசியவிடும், அந்தக் கசிவு அப்படியே மருந்தின் ஒளிர்வு போலப் படத்தில் விழும்.

ரா கோப்பு (சென்சாரின் திருத்தாத மூல அளவு) தரும் கேமரா, கருப்பு வெள்ளை சென்சார் என்றால் இன்னும் நல்லது. லென்ஸ் முன்னால் 635-ஐ நடுவாகக் கொண்டு அதைச் சுற்றிய ஒளியை மட்டும் விடும் பேண்ட்பாஸ் ஃபில்டர். 600-க்கு மேல் எல்லாவற்றையும் விடும் லாங்பாஸ் மலிவாகக் கிடைக்கும். இந்த வேலைக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஏன் என்று 6-ஆம் பகுதியிலும் 10-ஆம் பகுதியிலும் தெரியும்.

அப்புறம் பவர் மீட்டர், கேமராவையும் எல்இடியையும் ஒன்றாகப் பிடிக்கும் ஸ்டாண்டு, தூரம் காக்க ஒரு குச்சி, கன்னத்தை விலக்கும் ரிட்ராக்டர், எல்லாருக்கும் ஊதா ஒளியைத் தடுக்கும் கண்ணாடி. நோயாளிக்கும் ஒன்று, அதைத்தான் பலர் மறக்கிறார்கள்.

ஒரு சிறிய ஒளிரும் துண்டும் வேண்டும். போர்டு செய்யும் கடைகளில் கிடைக்கும் சிவப்பு ஃப்ளோரசன்ட் அக்ரிலிக்கில் விரல் நகம் அளவுக்கு வெட்டி வாங்கினால் போதும். 405-இல் ஒளிர்கிறதா, உங்கள் ஃபில்டர் வழியே தெரிகிறதா என்று பார்த்த பிறகு பயன்படுத்துங்கள். மற்ற நேரத்தில் கருப்புப் பெட்டியில் வையுங்கள், இல்லாவிட்டால் அதுவும் நாளடைவில் வெளிறும்.

விளக்குக்கும் கணினிக்கும் யுபிஎஸ். தேதி குறிக்கும் முன் அந்தப் பகுதிக்கு மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை எப்போது என்று பாருங்கள். மருந்து கொடுத்து ஒளி கொடுக்காமல் நோயாளியைத் திருப்பி அனுப்புவது பெரிய அநியாயம்.

எதிக்ஸ் கமிட்டி அனுமதியும், ஆய்வாகச் செய்தால் இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவகமான சிடிஆர்ஐயில் பதிவும் முதல் நோயாளிக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். ஒப்புதல் படிவம் நோயாளி வாசித்துப் புரிந்துகொள்ளும் தமிழில் இருக்கட்டும். படங்கள் எடுக்கப்படும், சேமிக்கப்படும் என்பதும் அதில் வர வேண்டும்.

3. மேசையில் ஒத்திகை

நோயாளி முன் உட்காரும் முன்னால் திசுவைப் போல ஒளியைக் கையாளும் அகர் கட்டியில் முழு வேலையையும் ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள். இதைத் தாண்டிப் போனவர்கள் பிறகு நோயாளியின் வாயில்தான் பிழை திருத்துகிறார்கள்.

கட்டி செய்ய அகர் வேண்டும். மண்டபம் கடலோரப் பாசியிலிருந்து அகர் காய்ச்சும் தொழில் மதுரை வட்டாரத்தில் இருப்பதால் நமக்கு அதற்குத் தட்டுப்பாடில்லை. ஜிகர்தண்டாவில் சிலர் போடும் கடல்பாசியும் இதே பொருள்தான், ஆனால் சாயமும் சர்க்கரையும் இல்லாத ஆய்வகத் தரத்தை வாங்குங்கள். 95 மில்லி தண்ணீரில் 1.5 கிராம் அகரைக் கொதிக்கவிட்டுக் கரையுங்கள். 50 டிகிரி அளவுக்கு ஆறியதும் 20 சதவீத இன்ட்ராலிப்பிட் (பால் போன்ற கொழுப்புக் கரைசல்) 5 மில்லி ஊற்றிக் கலக்குங்கள். திசு ஒளியைச் சிதறடிப்பது போல இதுவும் சிதறடிக்கும்.

புரோட்டோபார்ஃபிரினை நேராகத் தண்ணீரில் போடாதீர்கள். மூலக்கூறுகள் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டு ஒளிர்வு விழுந்துவிடும். டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானில் கரைத்து, இன்ட்ராலிப்பிட் சேர்ந்த கலவையில் விடுங்கள். 0, 0.5, 1, 2, 5 மைக்ரோமோலார் என ஐந்து கிண்ணம். உடனே அலுமினியத் தாளால் மூடுங்கள்.

ஐந்தையும் படம் எடுத்து, மருந்து அளவுக்கு எதிராக ஒளிர்வை வரைந்தால் கோடு நேராகப் போக வேண்டும். 0 கிண்ணம் ஒளிர்ந்தால் ஃபில்டர் கசிகிறது என்று அர்த்தம். அதை உறுதி செய்ய, கசக்கி விரித்த அலுமினியத் தாளைக் கேமரா முன் வையுங்கள். அலுமினியம் ஒளிராது, அதனால் தெரிவதெல்லாம் கசிவு. வெள்ளைத் தாளை வைக்காதீர்கள். தாளை வெளுப்பாகக் காட்டச் சேர்க்கும் பொருள் ஊதா ஒளியில் தானாகவே ஒளிரும்.

கடைசியாக ஒரு கிண்ணத்தில் சிகிச்சை விளக்கைப் பிடித்து, நிமிடத்துக்கு ஒரு படம் எடுங்கள். ஒளிர்வு இறங்கும் வளைகோடு கிடைக்கும். இந்த வளைகோட்டைத் தன் கையால் ஒரு தடவை எடுத்தவருக்கு வாயில் கிடைக்கும் எண்ணைப் படிப்பது பாதி சுலபம்.

4. கேமராவைப் பூட்டுங்கள்

எக்ஸ்போஷர், ஐஎஸ்ஓ, ஒயிட் பேலன்ஸ், ஃபோகஸ் நான்கையும் கைமுறையில் வைத்துப் பூட்டுங்கள். போன் கேமரா என்றால் எச்டிஆர், நைட் மோட், அழகுபடுத்தும் வசதி எல்லாவற்றையும் அணையுங்கள். ரா தராத செயலி வேண்டவே வேண்டாம்.

காரணம் இதுதான். புண் மங்கினால் தானியங்கி கேமரா, படம் இருட்டாகிவிட்டதே என்று எக்ஸ்போஷரை ஏற்றிவிடும். நாம் தேடும் மங்கலையே அது சரிசெய்துவிடும். சிகிச்சைக்கு முன்னும் பின்னும் படம் ஒன்று போல இருக்கிறது, சிகிச்சை பலிக்கவில்லை என்று கவலையோடு என்னிடம் வந்தவர்களின் கோப்பைத் திறந்தால், பல தடவை எக்ஸ்போஷர் நேரம் இரண்டு படத்திலும் வேறு வேறாக இருக்கும்.

எக்ஸ்போஷரை எந்த அளவில் பூட்டுவது? மருந்து சேர்ந்த பிறகு புண்ணின் மிகப் பிரகாசமான இடம் சென்சாரின் உச்ச அளவில் மூன்றில் இரண்டு பங்கு வரும்படி வையுங்கள். உச்சத்தைத் தொட்ட பிக்சலில் உண்மை அளவு போய்விடும், திரும்ப வராது. ஆனால் முதல் படத்தை மருந்துக்கு முன்பே எடுக்கிறோமே என்று கேட்கலாம். அதற்குத்தான் ஒத்திகையும், இரண்டு மூன்று எக்ஸ்போஷர்களில் அடுத்தடுத்து எடுப்பதும். எல்லா நேரப்புள்ளியிலும் அதே மூன்றை எடுத்தால் பின்னால் பொருத்தமானதைத் தேர்ந்துகொள்ளலாம்.

லென்ஸை மூடி அதே எக்ஸ்போஷரில் டார்க் ஃப்ரேம் எடுங்கள். சென்சார் சூடாக ஆக அதன் இருட்டு மின்னோட்டம் ஏறும். 6 முதல் 8 டிகிரி ஏறினாலே இரட்டிப்பாகும். காலையில் ஏசி அறையில் எடுத்த டார்க் ஃப்ரேம் சித்திரை மாத மதியத்துக்குப் பொருந்தாது. ஒவ்வொரு நேரப்புள்ளியிலும் புதிதாக எடுங்கள்.

தூரமும் பூட்டப்பட வேண்டும். 20 சென்டிமீட்டர் இருக்க வேண்டிய எல்இடி 19-க்கு வந்தால் புண்ணில் விழும் ஒளி சுமார் 11 சதவீதம் ஏறும். குச்சியின் நுனி ரிட்ராக்டர் ஓரத்தைத் தொடும்போது மட்டும் படம் எடுப்பது என்று பழகுங்கள்.

5. அறை

ஜன்னலில் கருப்புத் துணி, கதவின் கீழ் இடுக்கிலும் துணி. டியூப்லைட், கணினித் திரை, இயந்திரங்களில் மின்னும் சிவப்புப் புள்ளி விளக்குகள் எல்லாம் 635 ஃபில்டருக்குள் புகும். எல்இடியை அணைத்துவிட்டு ஒரு படம் எடுத்தால் அறை எவ்வளவு கசிகிறது என்று தெரிந்துவிடும். நிழல் தெரிந்தால் இன்னும் அடைக்க வேண்டும்.

6. வாயைத் தயார் செய்தல்

புதியவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான், ஏனென்றால் வாயில் மருந்தைத் தவிரவும் சிவப்பாக ஒளிரும் பொருட்கள் உண்டு.

முதலாவது வெற்றிலை. இலையில் உள்ள பச்சையம் ஊதா ஒளியில் 670, 680 நானோமீட்டர் பக்கம் சிவப்பாக ஒளிரும். சோழவந்தான் வெற்றிலை ஒரு துணுக்கை எடுத்து இருட்டறையில் 405 விளக்கின் கீழ் வைத்து, லாங்பாஸ் ஃபில்டர் வழியே பாருங்கள். மருந்து ஏறிய புண்ணும் அதுவும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் கண்ணால் பிரிப்பது கஷ்டம். கன்னத்தின் அடி மடிப்பில், கடைவாய்ப் பல்லுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் கடுகளவுத் துணுக்கும் படத்தில் பளிச்சென்று ஒரு புள்ளியாக வரும். முதல் நாள் இரவு சாப்பிட்ட கீரைப் பொரியலும் பல்லிடுக்கில் இருந்தால் இதே வேலையைச் செய்யும். 635 பேண்ட்பாஸ் இதில் பெரும்பகுதியைத் தடுத்துவிடும். லாங்பாஸ் எல்லாவற்றையும் உள்ளே விடும்.

இரண்டாவது பற்காரை. அதில் வாழும் பாக்டீரியா சில பார்ஃபிரின்களைத் தாமே தயாரிக்கும். நாக்கின் மேற்புறமும் அப்படித்தான். இவை மருந்தின் உறவுக்காரப் பொருள்கள், அதே அலைநீளத்தில் ஒளிரும், பேண்ட்பாஸ் ஃபில்டராலும் பிரிக்க முடியாது. முந்தைய வருகையிலேயே பற்களைச் சுத்தம் செய்வதுதான் வழி. அன்றைக்கே ஸ்கேலிங் செய்யக் கூடாது, ஈறில் ரத்தம் வரும்.

ரத்தம் எதிர்த்திசையில் ஏமாற்றும். ஹீமோகுளோபின் 405-ஐச் சுற்றிய ஊதா ஒளியை அள்ளி விழுங்கும். ரத்தம் கசிந்த இடத்தில் மருந்து நிறைய இருந்தாலும் படத்தில் கருப்பாகத் தெரியும். காவிக் கறையும் இதே மாதிரி ஒளியை விழுங்கும்.

நோயாளியிடம் கேட்கும் விதமும் முக்கியம். “வெத்தலை போட்டீங்களா?” என்றால் பயந்துகொண்டு “இல்லைங்க” என்பார்கள். “கடைசியா எப்ப போட்டீங்க, ஆத்தா?” என்று இயல்பாகக் கேட்டால் நேரம் சொல்வார்கள். அந்த நேரத்தைத் தாளில் எழுதிக்கொண்டு, மென்மையான பிரஷ்ஷாலும் சலைனாலும் கழுவச் சொல்லுங்கள். பிறகு பஞ்சால் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். எச்சிலின் மினுமினுப்பு வெள்ளை ஒளிப் படத்தைக் கெடுக்கும். விளக்கு முன்னும் லென்ஸ் முன்னும் குறுக்காக வைத்த போலரைசர் அதைத் தீர்க்கும்.

7. மருந்துக்கு முன் படம்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படி மட்டும் மனதில் நிற்க வேண்டுமென்றால் அது இதுதான். மற்ற எந்தப் படத்தையும் ஏதோ ஒரு விதத்தில் திரும்ப எடுக்கலாம். மருந்து உள்ளே போன பிறகு மருந்துக்கு முந்தைய படத்தை எடுக்க வழியே இல்லை.

திசு தானாகவே கொஞ்சம் ஒளிரும். பாக்டீரியாவின் மிச்சம், ஃபில்டரின் சிறு கசிவு எல்லாம் அதோடு சேரும். இந்த மொத்தப் பின்னணியையும் பின்னால் கழிப்பதற்கு இந்தப் படம் ஒன்றே ஆதாரம்.

வரிசை: வெள்ளை ஒளிப் படம், ஃப்ளோரசன்ஸ் படம் மூன்று எக்ஸ்போஷரில், டார்க் ஃப்ரேம். எல்லாவற்றிலும் அக்ரிலிக் துண்டு ஒரு மூலையில் தெரிய வேண்டும். துண்டைச் சுத்தமான ஒளிபுகும் உறையில் போட்டு ரிட்ராக்டரில் ஒட்டிவிடுங்கள். புண்ணோடு அதற்கு எதிர்ப்பக்க உள்கன்னத்தையும் எடுங்கள். அது ஒப்பிட உதவும் நல்ல திசு.

8. மருந்துக்குப் பின், விளக்குக்கு முன்

எவ்வளவு நேரம் காத்திருப்பது என்பது மருந்தின் வடிவத்தையும் மருத்துவக் குழுவின் நெறிமுறையையும் பொறுத்தது. பல மணி நேரம் ஆகும். அதுவரை நோயாளி மங்கலான அறையில், வாயை மூடியபடி இருக்கட்டும்.

நேரம் வந்ததும் 7-இல் செய்த அதே வரிசை. ஊதா ஒளியும் மருந்தை எரிக்கும் என்பதால் ஃபோகஸ் பார்க்கிறேன் என்று எல்இடியை எரியவிட்டுக்கொண்டே இருக்காதீர்கள். 5 மில்லிவாட் வீதம் 2 விநாடி என்றால் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 0.01 ஜூல்தான், அது பொருட்டல்ல. அதையே 3 நிமிடம் எரியவிட்டால் 0.9 ஜூல். புரோட்டோபார்ஃபிரின் சிவப்பை விட ஊதாவைப் பல மடங்கு அதிகமாக உறிஞ்சும் என்பதால் மேல்தோலில் அது கணக்கில் வந்துவிடும்.

ஒளிர்வு எதிர்ப்பக்கக் கன்னத்தை விடக் கூடவே இல்லை என்றால் விளக்கைப் போடும் முன் மருத்துவரிடம் காட்டுங்கள். மருந்து சேராத இடத்தில் ஒளி கொடுத்துப் பயனில்லை. இந்த ஒரு தகவலுக்காகவே இவ்வளவு ஏற்பாடும் தகும் என்பேன்.

9. ஒளி கொடுக்கும்போது

விளக்கை 15 நிமிடமாவது முன்னால் எரியவிட்டு நிலைக்கு வரவிடுங்கள். எல்இடி சூடாக ஆக அதன் ஒளி குறையும். பவர் மீட்டரைப் புண் இருக்கும் அதே தூரத்தில் வைத்து அளங்கள், விளக்கின் வாயில் அல்ல. மையத்தில் ஒன்று, ஓரங்களில் நான்கு என ஐந்து இடங்களில் அளந்தால் ஒளி சமமாக விழுகிறதா என்றும் தெரியும்.

கணக்கு எளிது. ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 100 மில்லிவாட் விழுந்தால், 100 ஜூல் சேர 1000 விநாடி, அதாவது 16 நிமிடம் 40 விநாடி ஆகும்.

முழு ஒளியையும் கொடுத்து முடித்துக் கடைசியில் ஒரு படம் எடுத்தால், தவறு நடந்திருந்தாலும் திருத்த நேரமிருக்காது. கால், அரை, முக்கால் அளவில் விளக்கை நிறுத்திப் படம் எடுங்கள். சிகிச்சை விளக்கு எரியும்போது எடுக்க முடியாது, ஏனென்றால் அதுவே 635-இல்தான் இருக்கிறது.

இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. இடைவேளையில் திசுவுக்கு ஆக்சிஜன் திரும்ப வரும். அதாவது படம் எடுக்க நிறுத்துவதே சிகிச்சையை மாற்றுகிறது, பெரும்பாலும் நல்ல விதமாக. ஆனால் ஒருவருக்கு 30 விநாடி, இன்னொருவருக்கு 4 நிமிடம் என்று நிறுத்தினால் இருவரையும் ஒப்பிட முடியாது. இடைவேளையின் நீளத்தை முன்பே தீர்மானித்து எல்லாருக்கும் ஒன்றாக வையுங்கள், நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

வலி இருக்கும். நோயாளி கையைத் தூக்கினால் நிறுத்துவது என்று முன்பே பேசிவைத்துக்கொள்ளுங்கள். அசைந்தால் புண் ஒளிவட்டத்தை விட்டு நகர்ந்திருக்கிறதா என்று பார்த்த பிறகே தொடருங்கள்.

10. படத்தை எண்ணாக மாற்றுதல்

வரிசை மாறக் கூடாது. முதலில் டார்க் ஃப்ரேமைக் கழியுங்கள். பிறகு அக்ரிலிக் துண்டின் அளவால் வகுத்து எல்லாப் படத்தையும் ஒரே நிலைக்குக் கொண்டுவாருங்கள். அப்புறம் மருந்துக்கு முந்தைய பின்னணியைக் கழியுங்கள். அதன் பின்னரே சதவீதம்.

உதாரணத்துக்கு, அக்ரிலிக் துண்டு எல்லாப் படத்திலும் ஒரே அளவு காட்டியது என்று வைத்துக்கொள்வோம். புண்ணின் அளவு மருந்துக்கு முன் 300, விளக்குக்கு முன் 1500, விளக்குக்குப் பின் 600, டார்க் 100. எதையும் கழிக்காமல் போட்டால் 900-ஐ 1500-ஆல் வகுக்க 60 சதவீதம். டார்க் மட்டும் கழித்தால் 900-ஐ 1400-ஆல் வகுக்க 64. பின்னணியும் கழித்தால் மருந்து 1200-இலிருந்து 300-க்கு இறங்கியிருக்கிறது, அதாவது 75 சதவீதம். ஒரே நோயாளி, ஒரே படங்கள், மூன்று விடை. சரியானது கடைசி விடைதான், அது மருந்துக்கு முந்தைய படம் இல்லாமல் வராது.

புண்ணின் எல்லையை வெள்ளை ஒளிப் படத்தில் வரைந்து அதை மற்றப் படங்களுக்கு மாற்றுங்கள். ஒளிரும் இடத்தைப் பார்த்து எல்லை வரைந்தால், மங்க மங்க எல்லையும் சுருங்கும், எண் பொய்யாகும். எல்லைக்குள் சராசரியை விட மீடியன் (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் அளவு) நல்லது. ஒரு வெற்றிலைத் துணுக்கு சராசரியைத் தூக்கிவிடும், மீடியனை அவ்வளவு அசைக்காது.

லாங்பாஸ் வேண்டாம் என்றதற்கு இரண்டாவது காரணம் இங்கே வருகிறது. புரோட்டோபார்ஃபிரின் எரியும்போது பிறக்கும் புதுப் பொருள் ஒன்று 670 பக்கம் ஒளிரும். 635 இறங்கும்போது அது ஏறும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் மங்கல் குறைவாகத் தெரியும்.

11. எண்ணைப் படித்தல்

தொடக்கத்தில் நல்ல ஒளிர்வு, ஒளி கொடுத்த பிறகும் மங்கவே இல்லை என்றால் இரண்டில் ஒன்று: ஒளி அங்கே விழவில்லை, அல்லது ஆக்சிஜன் தீர்ந்துவிட்டது. முதலில் ஒளியைச் சந்தேகியுங்கள், அதைச் சோதிப்பது சுலபம். ரிட்ராக்டரின் நிழல், கன்ன மடிப்பு, இடையில் கசிந்த ரத்தம் என்று பாருங்கள். மங்காத இடம் கோடு போட்டது போல ஒரு பக்கமாக இருந்தால் அது நிழல்தான்.

ஒளி சமமாக விழுந்தும், தொடக்கத்தில் மங்கி நடுவில் நின்றுவிட்டால் ஆக்சிஜனை நினையுங்கள். ஒளியின் செறிவு மிக அதிகமானால் ரத்தம் கொண்டுவரும் வேகத்தை விட வேகமாக ஆக்சிஜன் செலவாகும். செறிவைக் குறைப்பதும், இடைவேளை விடுவதும் மருத்துவர் முன்னால் இருக்கும் வழிகள். ஜூல் அளவைக் கூட்டுவது இங்கே உதவாது.

முழுவதும் மங்கிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பவர்களிடம்தான் நான் அதிகம் வாதாட வேண்டியிருக்கிறது. 405 ஒளி திசுவில் ஒரு மில்லிமீட்டர் கூட உருப்படியாகப் போகாது. உங்கள் படம் மேல்பரப்பின் படம். சிகிச்சை தரும் சிவப்பு ஒளி சில மில்லிமீட்டர் போகும், புண் அதையும் தாண்டி இருக்கலாம். மேல்பரப்பு மங்கவில்லை என்றால் கீழேயும் நடக்கவில்லை என்று ஓரளவு நம்பிச் சொல்லலாம். மேல்பரப்பு மங்கியது என்பதை வைத்துக் கீழே நடந்ததாகச் சொல்ல முடியாது. அதனால் தடிப்பை முன்பே அல்ட்ராசவுண்டிலோ ஓசிடியிலோ அளந்திருக்க வேண்டும். ஓசிடி ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான் பார்க்கும், தடித்த புண்ணுக்கு அல்ட்ராசவுண்டே உதவும்.

மருந்து மாறினால் எண்களும் மாறும். கண் நோய்க்குக் கொடுக்கும் வெர்ட்டிபார்ஃபின் சிகிச்சையில் ஒளி 689 நானோமீட்டர், 83 விநாடி, குறி ரத்தக் குழாய். அங்கே மங்கலை விட ரத்த ஓட்டத்தைப் பார்ப்பதே பொருத்தம். சொல்லப்போனால் மதுரைக் கண் மருத்துவமனைகளில் ஃப்ளோரசின் ஆஞ்சியோகிராம் (ஒளிரும் சாயம் செலுத்திக் கண்ணின் ரத்தக் குழாயைப் படமெடுப்பது) எடுத்துப் பழகிய டெக்னீசியன் யாராவது கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். ஃபில்டர், இருட்டறை, நேரம் குறிப்பது எல்லாம் அவர்கள் கையில் ஏற்கெனவே இருக்கும்.

12. நோயாளியை வீட்டுக்கு அனுப்புதல்

கேமராவை மூட்டை கட்டும் அவசரத்தில் இது மருத்துவமனை ஊழியர் வேலை என்று விட்டுவிடாதீர்கள். ஏஎல்ஏ குடிக்கக் கொடுத்திருந்தால் ஒன்றிரண்டு நாள் உடம்பு முழுக்க ஒளிக்குக் கூசும். போட்டோஃப்ரின் போன்ற வேறு ஒளியுணர் மருந்தானால் அது குறைந்தது 30 நாள்.

சன்ஸ்க்ரீன் போதாது. சாதாரண சன்ஸ்க்ரீன் புற ஊதாவைத்தான் தடுக்கும், இந்த மருந்தைத் தூண்டுவது கண்ணுக்குத் தெரியும் ஒளி. முழுக்கைச் சட்டை, முகத்தை மூடும் துண்டு, குடை. மாட்டுத்தாவணியில் மதியம் பஸ்ஸுக்கு நிற்க வைப்பதை விட, அந்தி சாய்ந்த பிறகு அனுப்புவது நல்லது. பகலில் போயே ஆக வேண்டுமென்றால் ஜன்னல் ஓர இருக்கை வேண்டாம். கூட வந்தவரிடமும் சொல்லுங்கள், எழுதியும் கொடுங்கள். வீட்டில் இருட்டறைக்குள் அடைந்து கிடக்க வேண்டியதில்லை, சாதாரண அறை வெளிச்சம் மிஞ்சிய மருந்தை மெல்ல எரிக்க உதவும்.

13. அடுத்த வருகை

ரா கோப்புகளை அப்படியே வையுங்கள். திருத்திய படம் தனிக் கோப்புறையில். கோப்பின் பெயரில் நோயாளியின் பெயர் வரக் கூடாது, ஆய்வு எண், தேதி, நேரப்புள்ளி போதும். பவர் மீட்டர் அளவு, இடைவேளை நேரங்கள், கடைசியாக வெற்றிலை போட்ட நேரம் எழுதிய தாளையும் ஸ்கேன் செய்து அதே கோப்புறையில் போடுங்கள்.

சில மணி நேரம் கழித்தோ மறுநாளோ எடுத்த படத்தில் மீண்டும் சிவப்பு தெரிந்தால் பதறாதீர்கள். பிழைத்த செல்களும் பக்கத்து நல்ல செல்களும் மிச்ச ஏஎல்ஏவிலிருந்து புதிதாக புரோட்டோபார்ஃபிரின் செய்யும். அதை வைத்துச் சிகிச்சை தோற்றது என்று எழுத முடியாது. எத்தனை மணி நேரம் கழித்து எடுத்தது என்று மட்டும் குறித்து வையுங்கள்.

திரும்ப வரும்போது அதே ஸ்டாண்டு, அதே குச்சி, அதே அக்ரிலிக் துண்டு. புண் ஆறியதா என்பதை வெள்ளை ஒளிப் படத்தோடு மருத்துவர் கையால் தொட்டுப் பார்ப்பார், தேவைப்பட்டால் பயாப்சி எடுப்பார். பயாப்சி எடுத்த இடத்தை அன்றைய படத்தில் குறித்து, சிகிச்சை நாளின் மங்கல் படத்தின் மேல் பொருத்திப் பாருங்கள். எத்தனை சதவீதம் மங்கிய இடம் ஆறியது, எது ஆறவில்லை என்ற கணக்கு உங்கள் சொந்த ஏற்பாட்டுக்கு அங்கிருந்துதான் கிடைக்கும். வேறு ஊரில், வேறு கேமராவில் கிடைத்த எல்லை எண்ணை அப்படியே வாங்கிப் பொருத்தாதீர்கள்.